“அது அவர்கள் பண்பாடு” என்று சொல்லி நகர்ந்துவிடலாமா? அறச் சார்புவாதமும் மனித உரிமை மீறல்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அறச் சார்புவாதம் என்பது என்ன?

சரி, தவறு என்பவை அந்தந்தச் சமூகத்தின் வழக்கத்தைச் சார்ந்தவை, எல்லாச் சமூகங்களுக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது என்பதே அறச் சார்புவாதம். கருத்து மிகப் பழையது. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் ஒரு கதை சொல்கிறார். பாரசீக மன்னன் தாரியஸ் தன் அவையில் இருந்த கிரேக்கர்களை அழைத்து, இறந்த தந்தையின் உடலை உண்பதற்கு எவ்வளவு பொருள் வேண்டும் என்று கேட்டான். எதைக் கொடுத்தாலும் மாட்டோம் என்றார்கள். பிறகு, பெற்றோரின் உடலை உண்ணும் வழக்கமுடையவர்களாக அவர் குறிப்பிடும் கல்லாத்தியர் என்ற இந்தியக் குடியினரை அழைத்து, அவ்வுடலை எரிப்பதற்கு என்ன கேட்பீர்கள் என்றான். அவர்கள் அலறி, அப்படிப் பேசவே வேண்டாம் என்று மன்றாடினார்கள். வழக்கமே எல்லாருக்கும் அரசன் என்று ஹெரோடோட்டஸ் கதையை முடிக்கிறார்.

இக்கதையை மேற்கோள் காட்டுகிறவர்கள் பெரும்பாலும் மூன்று வெவ்வேறு கூற்றுகளை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். வழக்கங்கள் ஊருக்கு ஊர் மாறுகின்றன என்பது முதல் கூற்று. இதை யாரும் மறுப்பதில்லை. ஆகவே பொது அளவுகோலே இல்லை என்பது இரண்டாவது. இது விவாதத்துக்கு உரியது. ஆகவே ஒரு சமூகத்தார் இன்னொரு சமூகத்தாரைக் குறை சொல்லவே கூடாது என்பது மூன்றாவது. மூன்றாவது கூற்று முதலிரண்டிலிருந்து பிறக்கவில்லை. “எந்தச் சமூகமும் எதையும் குறை சொல்லக் கூடாது” என்பதே எல்லாச் சமூகங்களுக்கும் விதிக்கப்படும் ஒரு பொது விதியாக இருப்பதால், அது தன் காலைத் தானே வாரிக்கொள்கிறது.

மானிடவியல் அறிஞர்கள் இதை ஆதரித்தார்கள் அல்லவா?

ஆதரித்தார்கள், அவர்கள் காலத்தில் அதற்குத் தக்க காரணமும் இருந்தது. காலனி ஆட்சிகள் தங்கள் கொள்ளையை “நாகரிகப்படுத்தும் பணி” என்று அழைத்துக்கொண்டிருந்தபோது, ஒவ்வொரு பண்பாட்டையும் அதன் உள்ளிருந்தே புரிந்துகொள்ள வேண்டும் என்று சொன்னது துணிவான செயல். ஐக்கிய நாடுகள் அவை மனித உரிமைப் பிரகடனத்தை வரைந்துகொண்டிருந்த 1947ஆம் ஆண்டில், அமெரிக்க மானிடவியல் சங்கத்தின் செயற்குழு, மெல்வில் ஹெர்ஸ்கோவிட்ஸ் முன்னின்று எழுதிய ஓர் அறிக்கையை வெளியிட்டது. மேற்கு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நிலவும் மதிப்பீடுகளை மட்டும் எழுதிவிட்டு அதை உலகத்துக்கே உரியது என்று எப்படிச் சொல்ல முடியும் என்பது அதன் மையக் கேள்வி.

ஆனால் நாஜிகளின் வதை முகாம்கள் திறந்து காட்டப்பட்டு இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரு நாடே சேர்ந்து ஒரு கொடுமையை வழக்கமாக்கிக்கொண்டால் என்ன சொல்வது? அறிக்கையை எழுதியவர்களுக்கும் இந்த முள் உறுத்தியிருக்க வேண்டும். மக்களின் உரிமையைப் பறிக்கும் அரசுகள் இருக்குமிடத்திலும் அம்மக்களின் அடிப்படைப் பண்பாட்டு மதிப்பீடுகளைத் துணைக்கு அழைத்து அவர்களை உணரச் செய்யலாம் என்ற பொருளில் ஒரு வாக்கியத்தைச் செருகியிருக்கிறார்கள். பொது அளவுகோலை வாசல் வழியாக அனுப்பிவிட்டு ஜன்னல் வழியாக உள்ளே எடுத்த கதைதான். அதே சங்கம் 1999இல் மனித உரிமைகளை வெளிப்படையாக ஆதரிக்கும் பிரகடனம் ஒன்றை ஏற்றுக்கொண்டது.

மனித உரிமை என்பதே மேற்கத்தியச் சரக்கு அல்லவா?

1948 டிசம்பர் 10 அன்று பாரிஸில் நடந்த வாக்கெடுப்பைப் பார்த்தால் இந்தக் கேள்வி கொஞ்சம் தடுமாறும். ஆதரவாக 48 வாக்குகள், எதிராக ஒன்றுமில்லை, வாக்களிக்காமல் விலகி நின்றவை 8 நாடுகள். விலகியவற்றுள் சோவியத் அணியும் சவுதி அரேபியாவும் இருந்தன. வெள்ளையர் ஆண்ட தென்னாப்பிரிக்காவும் இருந்தது. பிரகடனத்தை வரைந்தவர்களில் சீனாவின் பி.சி. சாங்கும் லெபனானின் சார்ல்ஸ் மாலிக்கும் முக்கியமானவர்கள். முதல் பிரிவில் ஆண்பால் தொனிக்க இருந்த சொல்லை மாற்றி “மனிதர் அனைவரும்” என்று பொருள்படும் சொல்லைப் போட வைத்தவர் இந்தியாவின் ஹன்சா மேத்தா.

திருமணத்துக்கு இருவரின் சம்மதமும் வேண்டும் என்னும் 16ஆவது பிரிவைச் சவுதிப் பிரதிநிதி மேற்கத்தியப் போக்கு என்று எதிர்த்தபோது, அப்பிரிவு குழந்தை மணத்தையும் சம்மதமில்லா மணத்தையும் தடுப்பதற்கானது என்று ஆதரித்துப் பேசியவர் பாகிஸ்தானின் ஷாயிஸ்தா இக்ராமுல்லா. இருவருமே முஸ்லிம் நாடுகளின் சார்பில் பேசியவர்கள், இருவரும் ஆசியர்கள். இதில் “கிழக்கின் குரல்” எவருடையது?

மேற்கின் மீது வைக்கப்படும் கபடக் குற்றச்சாட்டு மட்டும் உண்மை. பிரகடனத்துக்கு வாக்களித்த பிரான்ஸும் பிரிட்டனும் அப்போது பல நாடுகளை அடிமைப்படுத்தி வைத்திருந்தன. உரிமைகளைப் பேசியவர்களின் யோக்கியதையில் குறை உண்டு என்பதால் உரிமைகளே பொய் என்று ஆகிவிடாது. காலனி நாட்டு மக்கள் அதே பிரகடனத்தைக் கையில் எடுத்து அவர்களையே கேள்வி கேட்டார்கள்.

அப்படியானால் சார்புவாதிகள் சொல்வதில் கற்றுக்கொள்ள ஒன்றுமே இல்லையா?

நிறைய இருக்கிறது. ஒரு வழக்கம் தவறு என்று சரியாகவே தீர்ப்புச் சொல்லிவிட்டு, அதன் மேல் எடுத்த நடவடிக்கையால் அதே வழக்கத்தை இன்னும் ஆழமாக வேரூன்றச் செய்துவிட முடியும். கென்யாவில் இது இரண்டு முறை நடந்தது. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

கிக்குயூ மக்களிடையே பெண்ணுறுப்பு வெட்டு என்பது சிறுமி பெண்ணாகும் சடங்கின் ஒரு பகுதி. அதன் வழியாகத்தான் அவள் தன் வயதுக் குழுவில் இடம்பெற்றாள். அதற்குப் பிறகுதான் அவளைப் பெண் கேட்டு வருவார்கள். 1929இல் ஸ்காட்லாந்துத் திருச்சபை மிஷன் இவ்வழக்கத்துக்கு எதிராகக் கிளம்பியது. வெட்டினால் இரத்தப் போக்கும் தொற்றும் பேறுகாலச் சிக்கலும் நேர்கின்றன என்று மிஷன் மருத்துவர்கள் சொன்னது முற்றிலும் உண்மை. ஆனால் மிஷன் கேட்டது வேறொன்றையும் சேர்த்து: சபையினர் இவ்வழக்கத்தைக் கைவிடுவதோடு, நில உரிமைக்காகப் போராடிய கிக்குயூ மத்தியச் சங்கத்தையும் கைவிடுவதாக உறுதிமொழி அளித்துக் கைநாட்டு வைக்க வேண்டும். மலைச்சரிவின் நல்ல நிலங்களை வெள்ளையர்கள் எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. காகிதத்தில் கட்டைவிரலை வைத்தால் நிலம் போய்விடும் என்று மக்கள் அஞ்சியதில் வியப்பில்லை.

விளைவு என்ன? திருச்சபைகளிலிருந்து ஆட்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். சொந்தப் பள்ளிகளையும் சொந்தச் சபைகளையும் தொடங்கினார்கள். மிஷன்காரர்களை எள்ளிப் பாடிய முதிரிகு என்னும் ஆடல்பாடல் ஊரூராகப் பரவி, 1930இல் அரசால் தடை செய்யப்பட்டது. அதுவரை ஒரு சடங்காக மட்டும் இருந்தது, அதன்பின் கிக்குயூ அடையாளமாகவே ஆகிவிட்டது. பின்னாளில் கென்யாவின் முதல் குடியரசுத் தலைவரான ஜோமோ கென்யாட்டா, லண்டனில் மானிடவியல் படித்து 1938இல் வெளியிட்ட நூலில் இவ்வழக்கத்தைத் தற்காத்து எழுதினார். கல்வியும் அரசியலும் நிரம்பிய ஒருவரை அந்த நிலைக்குத் தள்ளியதில் கைநாட்டுக் காகிதத்துக்கும் பங்கு உண்டு என்பது என் கணிப்பு.

இரண்டாம் முறை 1956இல், மேரு மாவட்டத்தில். தங்கள் ஆட்சிக்கு எதிரான மாவ் மாவ் கிளர்ச்சியை ஒடுக்கிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் அதிகாரிகளின் ஊக்கத்தோடு, ஆண்கள் மட்டுமே அமர்ந்த ஞ்சூரி ஞ்செக்கே என்னும் மூப்பர் மன்றம் வெட்டுக்குத் தடை விதித்தது. தடை வந்த சில நாள்களிலேயே பதின்வயதுச் சிறுமிகள் கடையில் சவரத் தகடு வாங்கி வந்து, ஒருவரையொருவர் தாங்களே வெட்டிக்கொள்ளத் தொடங்கினார்கள். அவர்களை ஊரார் அழைத்த பெயர் ங்கைதானா. “எனக்கு நானே செய்துகொள்வேன்” என்று பொருள். அடுத்த மூன்று ஆண்டுகளில் அத்தடையை மீறியதற்காக 2,400க்கும் மேற்பட்ட சிறுமியரும் பெண்களும் ஆண்களும் வழக்குகளில் நிறுத்தப்பட்டார்கள்.

“சிதைப்பு” என்று சொல்வதா, “வெட்டு” என்று சொல்வதா?

உலக சுகாதார நிறுவனமும் சட்டங்களும் “சிதைப்பு” என்கின்றன. நிகழும் கேடு அச்சொல்லுக்கு உரியதுதான்; இவ்வழக்கத்தால் உடலுக்கு நன்மை எதுவும் இல்லை. 23 கோடிக்கும் மேற்பட்ட பெண்களும் சிறுமிகளும் இதற்கு உள்ளானவர்கள் என்று யுனிசெஃப் 2024இல் கணக்கிட்டது. ஆனால் ஒரு தாயின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பேசும்போது, “உன் மகளை நீ சிதைத்தாய்” என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். ஆகவே இப்பக்கத்தில் “வெட்டு” என்றே எழுதியிருக்கிறேன். அது கொடுமையை மெலிதாக்குவதற்காக அன்று.

பிறகு எதுதான் பயன் தந்தது?

செனகலில், மலிக்குண்டா பம்பாரா என்ற ஊரில், டோஸ்தான் என்னும் அமைப்பு பெண்களுக்கு அவர்கள் மொழியிலேயே எழுத்தறிவும் உடல்நலமும் உரிமைகளும் கற்பித்துவந்தது. வெட்டைக் கைவிடுங்கள் என்று வகுப்பில் யாரும் கட்டளையிடவில்லை. உடலைப் பற்றிப் பேசிய இடத்தில் பெண்கள் தாங்களே இந்தப் பேச்சை எடுத்து, 1997 ஜூலை 31 அன்று தங்கள் ஊர் இனி இதைச் செய்யாது என்று ஊடகத்தினர் முன் அறிவித்தார்கள்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. அக்கம்பக்கத்து ஊர்களில் அந்த அறிவிப்பு சினத்தையே கிளப்பியது. கேர் சிம்பாரா என்ற ஊரின் இமாமான தெம்பா தியவாரா என்னும் பெரியவர் சிக்கல் எங்கே இருக்கிறது என்பதைச் சொன்னார். ஓர் ஊர் மட்டும் கைவிட்டால் அவ்வூர்ப் பெண்ணை அடுத்த ஊரார் கட்டிக்கொள்ள மாட்டார்கள். பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் ஊர்கள் எல்லாம் சேர்ந்து கைவிட்டால் ஒழிய எந்தத் தாயும் தன் மகளை வைத்துச் சோதனை செய்ய மாட்டாள். அவர் தம் உறவுமுறை ஊர்களுக்கு நடந்தே போய்ப் பேசினார். 1998 பிப்ரவரியில் தியாபுகு என்ற இடத்தில் 13 ஊர்கள் கூடி, வழக்கத்தைக் கைவிடுவதாகச் சேர்ந்தே அறிவித்தன.

அந்தத் தாய்மார்கள் மகள்மேல் அன்பில்லாதவர்களாக ஒருபோதும் இருந்ததில்லை. மகளுக்கு மணமாக வேண்டும் என்ற கவலையால்தான் கத்தியை எடுத்தார்கள். கவலைக்கு வேறு வழி திறந்ததும் கத்தியைக் கீழே வைத்தார்கள். வரதட்சிணை விஷயத்தில் “நாங்கள் மட்டும் கொடுக்காவிட்டால் பெண்ணை யார் கட்டுவார்” என்று கேட்கும் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இது புரியாத கணக்கு அன்று.

செனகலில் வழக்கம் ஒழிந்துவிட்டது என்று சொல்ல வரவில்லை. நாட்டளவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பெண் இன்னும் இதற்கு உள்ளானவராகவே இருக்கிறார்.

அப்படியானால் சட்டமே வேண்டாமா?

வேண்டும். ஆனால் சட்டம் யாருக்குத் துணையாக வருகிறது என்பதே கேள்வி. கென்யா 2011இல் முழுத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. அதற்கு முன்பே, 1996இல், தாரகா பகுதியில் வெட்டை விட்டுவிட்டு, தனித்திருத்தலையும் அறிவுரையையும் ஆடல்பாடலையும் பரிசையும் மட்டும் வைத்துக்கொண்ட மாற்றுச் சடங்கு தொடங்கியிருந்தது. “சொற்களால் செய்யும் சடங்கு” என்று அதற்குப் பெயர். 15 முதல் 49 வயது வரையுள்ள கென்யப் பெண்களில் வெட்டுக்கு உள்ளானவர்கள் 1998இல் 38 விழுக்காடு. 2022இல் 15 விழுக்காடு.

காம்பியாவின் கதை எச்சரிக்கையானது. அங்கே 2015இல் தடை வந்தது. 2023இல் முதன்முறையாக மூன்று பெண்கள் தண்டிக்கப்பட்டபோது ஒரு சமயத் தலைவர் அவர்களின் அபராதத்தைக் கட்டினார். தடையையே நீக்கும் மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தது. 2024 ஜூலையில் அது தோற்கடிக்கப்பட்டது. அதைத் தோற்கடிக்க நாடெங்கும் குரல் கொடுத்தவர்களில் வெட்டுக்கு உள்ளான காம்பியப் பெண்களே முன்னணியில் நின்றார்கள்.

சிறுபான்மைச் சமூகத்தின் வழக்கத்தைப் பெரும்பான்மைச் சமூகத்தார் கண்டிக்கலாமா? அது வெறுப்பரசியலுக்குத் துணைபோகாதா?

துணைபோகக் கூடும், போயிருக்கிறது. தமிழில் வாசிப்பவர்களுக்கு மிக அருகில் இருக்கும் சான்று இலங்கையின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம். 1951ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் திருமணத்துக்குக் குறைந்தபட்ச வயது எதையும் விதிக்கவில்லை. பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த சிறுமிக்குக்கூட காதி எனப்படும் முஸ்லிம் குடும்ப வழக்கு நீதிபதியின் அனுமதியோடு மணம் முடிக்க அதில் இடம் உண்டு. காதியாக ஆண்கள் மட்டுமே நியமிக்கப்படலாம். திருமணப் பதிவேட்டை ஒரு முறை மனக்கண்ணில் விரித்துப் பாருங்கள். மணமகன் ஒப்பமிடுகிறார், மணமகளின் “வலி”யாக, அதாவது பொறுப்பாளராக, அவள் தந்தையோ சகோதரனோ ஒப்பமிடுகிறார், திருமணம் நடத்திவைத்தவர் ஒப்பமிடுகிறார். மணமகளின் கையொப்பத்துக்கு அந்தத் தாளில் இடமில்லை. பழைய சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரணாக இருந்தாலும் செல்லும் என்று அரசியலமைப்பின் 16ஆவது உறுப்புரை சொல்வதால், நீதிமன்றத்தில் முறையிடவும் வழி அடைபட்டுவிட்டது.

இதை மாற்றக் கோரிப் பல பத்தாண்டுகளாகப் போராடுகிறவர்கள் முஸ்லிம் பெண்களே. புத்தளத்திலும் கிழக்கிலும் கொழும்பிலும் காதி நீதிமன்ற வாசலில் காத்திருந்து, விவாகரத்துக்கும் பிள்ளைச் செலவுக்கும் அலைந்த பெண்களின் வாக்குமூலங்களை அவர்கள் தொகுத்தார்கள். 2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் அமைக்கப்பட்ட குழு, 2018இல்தான் அறிக்கை கொடுத்தது. அதுவும் இரண்டு தரப்பாகப் பிரிந்து. அந்த ஒன்பது ஆண்டுகளும் அப்பெண்களுக்குச் சொல்லப்பட்ட பதில், “இது எங்கள் மார்க்கம், எங்கள் பண்பாடு, வெளியே பேசாதீர்கள்.”

பிறகு 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்கள் நடந்தன. முகத்திரை தடை செய்யப்பட்டது. மே மாதத்தில் முஸ்லிம் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. பெருந்தொற்றுக் காலத்தில் முஸ்லிம்களின் உடல்கள் குடும்பத்தாரின் மன்றாட்டையும் மீறி எரிக்கப்பட்டன. 2021இல்தான் அது நின்றது. அதே ஆண்டு அக்டோபரில் “ஒரே நாடு, ஒரே சட்டம்” என்று ஒரு செயலணி அமைக்கப்பட்டு, முஸ்லிம் எதிர்ப்புப் பேச்சுக்குப் பேர்போன சிங்கள பௌத்த அமைப்பான பொதுபல சேனாவின் ஞானசார தேரர் அதன் தலைவராக்கப்பட்டார். உடலை அடக்கம் செய்யும் உரிமையைக்கூட மறுத்த ஆட்சி, இப்போது முஸ்லிம் சிறுமிகளின் உரிமைக்காகப் பேசியது.

சீர்திருத்தம் கேட்ட பெண்கள் இரண்டு பக்கமும் அடி வாங்கினார்கள். வீட்டுக்குள் “எதிரிக்கு ஆயுதம் எடுத்துக் கொடுக்கிறாய்” என்ற ஏச்சு. வெளியே, அவர்கள் எழுதிய வரிகளையே எடுத்து அவர்கள் சமூகத்தை அடிக்கும் கூட்டம். இந்த நெருக்கடியிலும் அவர்கள் தங்கள் கோரிக்கையை விடவில்லை, அந்தச் செயலணியின் துணையையும் நாடவில்லை. வெளியார் பேச விரும்பினால் முதலில் இந்தப் பெண்கள் என்ன கேட்கிறார்கள் என்பதை வாசிக்க வேண்டும். அவர்கள் கேட்பது பதினெட்டு வயது, மணமகளின் கையொப்பம், பெண் காதிகள். முஸ்லிம்கள் இல்லாத இலங்கையை அவர்கள் கேட்கவில்லை.

இலங்கை முஸ்லிம்களிடையே ஒஸ்தா மாமி எனப்படும் மூதாட்டிகள் பெண் குழந்தைகளுக்குச் செய்துவரும் கத்னா என்னும் பெண்ணுறுப்பு வெட்டைப் பற்றியும் இதே பெண்களே முதலில் வாய் திறந்தார்கள். மருத்துவர்கள் அதைச் செய்யக் கூடாது என்று சுகாதார அமைச்சு 2018இல் சுற்றறிக்கை அனுப்பியது.

முஸ்லிம் விவாகச் சட்டத்தைப் பற்றி யாழ்ப்பாணத் தமிழர் பேசலாமா?

பேசலாம், கூடவே யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையையும் பேச வேண்டும். அச்சட்டத்துக்கு உட்பட்ட திருமணமான பெண், தன் பெயரிலேயே உள்ள சீதனக் காணியைக்கூடக் கணவனின் எழுத்து மூலச் சம்மதமின்றி விற்க முடியாது. போரில் கணவன் காணாமற்போன பெண்ணுக்கு அந்தக் கையெழுத்தை யார் கொடுப்பார்?

“எங்கள் உள்விவகாரத்தில் தலையிடாதீர்கள்” என்று ஓர் அரசு சொல்வதில் நியாயம் இல்லையா?

இதற்குத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரைவிடச் சிறந்த ஆசிரியர் இல்லை. சென்னையிலிருந்து புறப்பட்ட முதல் கப்பல் ஒப்பந்தக் கூலிகளோடு 1860 நவம்பரில் டர்பன் துறையை அடைந்தது. அவர்களிலும் பின்னால் வந்தவர்களிலும் தமிழர்கள் ஏராளம். 1946இல் தென்னாப்பிரிக்க அரசு இந்தியர்கள் நிலம் வாங்குவதையும் குடியிருப்பதையும் முடக்கும் சட்டம் இயற்றியபோது, இந்தியா அதை ஐக்கிய நாடுகள் அவைக்குக் கொண்டுபோனது. விஜயலட்சுமி பண்டிட் தலைமையில் இந்தியக் குழு வாதாடியது. இது எங்கள் உள்நாட்டு விவகாரம், பேசவே உங்களுக்கு அதிகாரமில்லை என்றார் தென்னாப்பிரிக்கப் பிரதமர் ஸ்மட்ஸ். மனித மாண்பு எல்லைக்கோட்டோடு முடிவதில்லை என்றது இந்தியா. டிசம்பரில் பொதுச்சபை மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையோடு இந்தியாவின் பக்கம் நின்றது.

1965இல் இனப் பாகுபாட்டை ஒழிக்கும் உடன்படிக்கை எழுதப்பட்டபோது, அதன் வரையறையில் “வம்சாவளி” என்ற சொல்லைச் சேர்க்கச் சொன்னதும் இந்தியாதான்.

2001இல் இனவெறிக்கு எதிரான உலக மாநாடு அதே டர்பன் நகரில் நடந்தது. தலித் அமைப்புகளின் பிரதிநிதிகள் திரளாக அங்கே போய், சாதியும் பிறப்பால் வரும் இழிவுதான், இதையும் தீர்மானத்தில் எழுதுங்கள் என்று கேட்டார்கள். சாதி என்பது இனம் அன்று, அது எங்கள் உள்விவகாரம், எங்கள் அரசியலமைப்பே பார்த்துக்கொள்ளும் என்று இந்திய அரசு எதிர்த்தது. ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஸ்மட்ஸ் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இந்தியா போய் அமர்ந்த காட்சி அது. தீர்மானத்தில் சாதி இடம்பெறவில்லை. ஆயினும் மறு ஆண்டே, அந்த உடன்படிக்கையைக் கண்காணிக்கும் குழு, “வம்சாவளி” என்ற சொல் சாதியையும் உள்ளடக்கும் என்று பொதுப் பரிந்துரை வெளியிட்டது. இந்தியா கேட்டுச் சேர்த்த சொல் இந்தியாவின் முன்னாலேயே வந்து நின்றது.

நம்மில் பலர் ஆப்பிரிக்க வழக்கத்தைப் பற்றிக் கேட்கும்போது உலகப் பொது அறத்தைப் பேசுகிறோம், சாதியைப் பற்றி வெளிநாட்டுப் பத்திரிகை எழுதினால் “உங்களுக்கு எங்கள் சமூகம் புரியாது” என்கிறோம். சார்புவாதத்தைத் தத்துவமாக ஏற்றவர்களை நான் அதிகம் கண்டதில்லை. தன் வீட்டு வாசலில் மட்டும் அதைக் காவலுக்கு நிறுத்துகிறவர்களை எங்கும் காண்கிறேன்.

நாமும் செய்துகொண்டே, வழக்கம் என்று அறியாமல் இருப்பவை உண்டா?

உண்டு. ஊடுபால் பண்புகளோடு, அதாவது ஆண் உடல், பெண் உடல் என்ற வழக்கமான பிரிவில் அடங்காத உடற்கூறோடு பிறக்கும் குழந்தைகளுக்கு, உயிருக்கு ஆபத்து எதுவும் இல்லாத போதும், ஆண் அல்லது பெண் என்று ஒன்றில் பொருத்துவதற்காக அறுவை சிகிச்சை செய்வது உலகெங்கும் நவீன மருத்துவமனைகளிலேயே நடந்துவந்தது. அங்கே சவரத் தகடு இல்லை, மயக்க மருந்து உண்டு. மற்றபடி, சம்மதம் சொல்ல முடியாத குழந்தையின் உறுப்பை ஊர் கண்ணுக்கு ஏற்றபடி வெட்டித் திருத்துவது என்ற அளவில் இரண்டும் ஒன்றே. 2019இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதைக் கண்டித்துத் தீர்ப்பளிக்க, அதே ஆண்டு தமிழ்நாடு அரசு, உயிர் காக்க வேண்டிய நிலை தவிர இத்தகைய சிகிச்சையைத் தடை செய்து ஆணையிட்டது.

உள்ளிருந்து பேசவே முடியாதபடி அடக்கப்பட்டிருந்தால்? ஆப்கானிஸ்தானில் யாரிடம் கேட்பது?

மறுப்புக் குரல் கேட்கவில்லை என்பதற்காக அது இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தலிபான் ஆட்சி பெண் பிள்ளைகளின் உயர்நிலைப் பள்ளிகளை மூடி, 2022 டிசம்பரில் பல்கலைக்கழகங்களிலிருந்தும் பெண்களை விலக்கியபோது, காபூல் தெருவில் இறங்கிய பெண்கள் அடித்து விரட்டப்பட்டார்கள். இதுவே இஸ்லாமியப் பண்பாடு என்ற தலிபானின் வாதத்தை, கெய்ரோவில் உள்ள புகழ்பெற்ற இஸ்லாமியக் கல்விப்பீடமான அல் அஸ்ஹரின் தலைமை இமாம் அஹ்மத் அல் தய்யிபே ஷரீஅத்துக்கு முரணானது என்று மறுத்தார். சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் 2025 ஜூலையில், பால் அடிப்படையிலான துன்புறுத்தலுக்காக ஹைபத்துல்லா அகுந்த்சாதா உள்ளிட்ட இரு தலிபான் தலைவர்கள் மீது பிடியாணை பிறப்பித்தது. இதனால் நாளையே பள்ளி திறந்துவிடாது. எனினும் வாயடைக்கப்பட்டவர்களை விட்டுவிட்டு வாயடைத்தவரிடம் போய் “உங்கள் பண்பாடு என்ன” என்று கேட்பது அபத்தம்.

என் அலுவலகத்தில், குடியிருப்பில், உறவில் இப்படி ஒன்று நடந்தால் நான் என்ன செய்வது?

குழந்தைக்கு ஆபத்து என்றால் முதலில் காப்பு, பிறகு பேச்சு. வாழும் நாட்டில் அதற்கான உதவி எண்ணும் சட்டமும் எவை என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ஆபத்து உடனடியானது அல்லவென்றால், அந்தச் சமூகத்திலேயே அதை எதிர்த்துப் பேசும் ஒருவரைத் தேடுங்கள். அநேகமாக இருப்பார்.

வயது வந்த பெண் தானே விரும்பி வெட்டிக்கொண்டால் அதைத் தடுக்க யாருக்கு உரிமை?

எனக்கு மிகக் கடினமாகப் படும் கேள்வி இது. கென்யாவில் ஒரு பெண் மருத்துவர் இதே வாதத்தோடு 2011ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்து வழக்குத் தொடர்ந்தார். மது அருந்தவும் புகைக்கவும் உரிமை உள்ள பெண்ணுக்குத் தன் உடல்மீது இந்த உரிமை மட்டும் ஏன் இல்லை என்பது அவர் வாதத்தின் சாரம். அவளே சம்மதித்தாள் என்பதை அச்சட்டம் எதிர்வாதமாக ஏற்பதில்லை. 2021 மார்ச்சில் உயர் நீதிமன்றம் அவ்வழக்கைத் தள்ளுபடி செய்தது. வெட்டிக்கொள்ளாத பெண்ணை மணக்க மறுக்கும், ஏளனம் செய்யும் ஊரில், வயது வந்தவளின் சம்மதமும் சுதந்திரமானது அன்று என்ற பார்வை அத்தீர்ப்பில் இருந்தது.

தீர்ப்போடு எனக்கு உடன்பாடுதான். ஆனால் அந்தப் பார்வையை முழுதாக ஏற்றால், ஊர் ஏச்சுக்கு அஞ்சி நாம் செய்யும் எத்தனையோ காரியங்களில் நம் சம்மதமும் சம்மதமில்லை என்றாகிவிடும். 1956இல் மேருவில் சவரத் தகடு வாங்கப் போன சிறுமிகளை நினைக்கும்போது இந்தத் தயக்கம் கூடுகிறது. “எனக்கு நானே செய்துகொள்வேன்” என்று அவர்கள் சொன்னது அன்னியனையும் மூப்பர் மன்றத்தையும் மீறிய துணிச்சலான சொல். அதே நேரத்தில், வெட்டிக்கொள்ளாவிட்டால் பெண்ணாகவே மதிக்கப்பட மாட்டோம் என்று அஞ்சிய பதின்மூன்று, பதினான்கு வயதுக் குழந்தைகளின் சொல். அந்தத் தகட்டை அவர்களிடமிருந்து பிடுங்கத்தான் வேண்டும் என்று நினைக்கிறேன். பிடுங்கியவர்கள் அவர்களிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை, வழக்குப் போட்டு அபராதம் மட்டும் விதித்தார்கள்.